போகிக்கு எரிக்காத சாமான்

ஜனவரி 4

வனத்துறை எனக்கு வருஷா வருஷம் ஒரு நாட்குறிப்பு தருகிறது. எங்கே ரோந்து போனேன், எந்தச் சந்தன மரம் இன்னும் நிற்கிறது என்று அதில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதைப் படிக்கிறவர்களுக்கு உண்மை ஒத்துக்கொள்ளாது. அதனால் மிச்சத்தை இதில் எழுதுகிறேன். இது மளிகைக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெருங்காய விளம்பரம்.

இன்று ரேஞ்சர் ஜெயசீலன் கூட்டம் போட்டார். பொருள், நரி. வாழப்பாடிப் பக்கத்தில் சில கிராமங்களில் காணும் பொங்கலன்று வலை போட்டு ஒரு வங்கா நரியைப் பிடிப்பார்கள். மாலை போட்டு, மேளம் அடித்து, கோயிலை மூன்று சுற்று சுற்றி, ஊர் மொத்தமும் அதன் முகத்தைப் பார்த்த பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் முழித்தால் அந்த வருஷம் நல்லது நடக்குமாம். நரிக்கு என்ன நடக்கும் என்று ஊர் கேட்டதில்லை. சட்டம் கேட்டது. இப்போது நரியைப் பிடித்தால் வழக்கு, அபராதம்.

"தணிகாசலம், போன வருஷம் பத்திரிகையில படம் வந்து நான் பதில் சொல்லி மாளல. இந்த வருஷம் உங்க கரட்டுப்புதூர்ல ஒரு நரி வால் தெரிஞ்சாக்கூட உங்களுக்குப் பதினேழு பி" என்றார் ரேஞ்சர். பதினேழு பி என்றால் துறை விசாரணை. வனவருக்குச் சம்பள உயர்வு நிற்கும், ரேஞ்சருக்குக் கோபம் தீரும்.

நரிக்குக் கிடைத்திருக்கிற பெயரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். காக்காவிடம் வடையைப் பிடுங்கியது நரி. சாயத்தொட்டியில் விழுந்து எழுந்து காட்டுக்கே ராஜா ஆனது நரி. மதுரையில் கடவுளே நரிகளைக் குதிரையாக்கி ராஜா தலையில் கட்டினார். விடிவதற்குள் எல்லாம் நரியாகிவிட்டன. ஏமாற்றியவர் கடவுள், பெயர் கெட்டது நரிக்கு. சினிமாவில் வில்லனுக்கு யோசனை சொல்கிறவன் நரி, மேடையில் எதிர்க்கட்சிக்காரர் நரி. என் ஒன்பது வருஷ சர்வீஸில் நான் பார்த்த நரி கரையான் தின்னும், இலந்தைப்பழம் பொறுக்கும், ஆள் சத்தம் கேட்டால் வளைக்குள் போய்விடும். அதைவிடத் தந்திரமான பிராணிகள் எங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன.

என் மனைவி கோகிலாவுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு முறை இவ்வளவு தூரம் வந்ததில்லை. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜனவரி 6

ஊருக்குள் போய் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினேன். கோயில் தர்மகர்த்தா அத்தியப்பன் பசைவாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நோட்டீஸ் கோணலாக இருக்கிறது என்று பிரித்து நேராக ஒட்டியவரும் அவர்தான்.

"நரி வேண்டாமுங்க சார். காலம் மாறிப்போச்சு. இந்த வருஷம் மண்ணுல ஒரு நரி செஞ்சு வச்சுக் கும்புட்டுக்கறோம்" என்றார்.

"நெசமாவா?"

"சாமி மேல சத்தியமுங்க. பதினாலாந் தேதி பொழுது விடிஞ்சதுல இருந்து எங்க ஊரு ஆளு ஒருத்தன் வலையைத் தொட்டா என்னைக் கேளுங்க."

ஒரு ஊரே இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது என் பேச்சுத் திறமையால்தான் இருக்க வேண்டும். பதினாலாம் தேதியிலிருந்துதான் எங்கள் காவல் தொடங்குகிறது என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் புரியவில்லை.

குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் குளித்தேன். ஊர் எல்லையில் காட்டை ஒட்டி இருக்கிற இந்த வீட்டில் ஒழுங்காக இருப்பது முன்பக்கக் குழாய் ஒன்றுதான். பின்பக்கம் ஒரு கொட்டகை. அதில் சிறுத்தைக்காக வாங்கிய கூண்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. சிறுத்தை வரவில்லை. கூண்டு வாங்கிய அதிகாரி பதவி உயர்வில் போய்விட்டார்.

ஜனவரி 7

ஸ்கேன். நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. கோகிலா இரண்டு தடவை கேட்டாள். நான் மூன்றாவது தடவை கேட்டேன்.

ஜனவரி 8

அத்தியப்பனின் மனைவி பாப்பாத்தியக்கா வந்தார். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு என்று ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை. எனக்கு முட்டை வாசனையே ஆகாது. நான் வெளியே போய் உட்கார்ந்தேன். பெண்கள் இருவரும் உள்ளே ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது கோகிலா ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்த நரி முகம் பாக்கறதுங்கறாங்களே…"

"மூடநம்பிக்கை."

"பாப்பாத்தியக்கா மருமகளுக்கு மூணு தங்காம போச்சாம். நரி முகம் பாத்த வருஷம் பையன் பொறந்தானாம்."

"அந்த வருஷம் அந்தப் பொண்ணு சேலத்துல நல்ல டாக்டரம்மாவையும் பாத்திருக்கு. அந்தம்மா முகத்துக்கு யாரும் மாலை போடல."

"நரி முகத்தப் பாத்தா நமக்கு என்ன கொறஞ்சிடும்?"

"எனக்குப் பதினேழு பி கெடைக்கும்."

அரை மணி நேரம் அறிவியல் பேசினேன். கடைசியில் அவள், "சரிங்க, நீங்க சொல்றதுதான் சரி" என்றாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 9

ரோந்திலிருந்து மதியம் திரும்பினேன். கொட்டகையில் கூண்டின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

"போகிக்கு எரிக்கறதுக்குப் பழைய சாமான் எல்லாம் அதுல போட்டு வச்சிருக்கேன். தெறந்துடாதீங்க, தூசி" என்றாள் கோகிலா.

சுறுசுறுப்பான பெண். எட்டு மாத வயிற்றோடு வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறாள். பழைய பாயும் கிழிந்த தலையணையும் இப்படி ஒரு வாடை அடிக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஜனவரி 10

கூடையில் முட்டை குறைகிறது. கோகிலா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

ஜனவரி 11

கொட்டகைப் பக்கம் நான் போகவில்லை. அங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது?

ஜனவரி 12

இரண்டு நாளாக விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. பல் தேய்க்கப் பின்பக்கம் போகிறேன். முன்பக்கக் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை.

காலையில் நானே இரண்டு முட்டை அவித்துக்கொண்டேன். ரோந்து போகிறவனுக்குச் சத்து வேண்டும்.

பகலில் அத்தியப்பன் ஊர் வலைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்தார். ஓட்டை விழாத வலை ஒன்றும் அதில் இல்லை. ஒன்று மீன் வலை. நான் வலையை வாங்குவது போலவும் அவர் கொடுப்பது போலவும் படம் எடுத்து ரேஞ்சருக்கு அனுப்பினேன். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார். எனக்குத் துறையில் கிடைத்த முதல் பாராட்டு.

போகும்போது அத்தியப்பன், "வீட்டுல எல்லாம் சௌக்கியந்தானுங்களே?" என்றார்.

"சௌக்கியம்."

"நல்லாச் சாப்புடுதுங்களா?"

யாரைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிடுவதாகச் சொன்னேன்.

ஜனவரி 13

போகி. ஊரெல்லாம் புகை. எங்கள் வீட்டில் ஒன்றும் எரிக்கவில்லை. கேட்டதற்குக் கர்ப்பிணிக்குப் புகை ஆகாது என்றாள் கோகிலா. கூண்டு நிறையச் சேர்த்த சாமான் அப்படியே இருக்கிறது. நியாயமான காரணம். ஒத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவளுக்கு வலி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை, நான்தான் பார்த்தேன். முதல் தடவையும் இப்படித்தான் சத்தமில்லாமல் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பைக்கை நான் ஓட்டினேனா, தள்ளினேனா தெரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் கை என் சட்டையை இறுக்கியது.

சூட்டு வலிதான், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். தூரத்தில் குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. கோகிலா அழுதாள். நான் ஜன்னல் பக்கம் போய் அங்கிருந்த தடுப்பூசி விளம்பரத்தை முழுவதும் படித்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். இந்தப் பயம் போவதாக இருந்தால் நான் நரி முகத்தில் என்ன, ரேஞ்சர் முகத்தில்கூட முழிப்பேன்.

ஜனவரி 14

பொங்கல். பொங்கி வந்ததும் கோகிலா ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்தாள்.

"யாருக்கு?"

"பூனைக்கு."

எங்களிடம் பூனை இல்லை. கரும்பை வெட்டிக்கொண்டிருந்தேன், மேற்கொண்டு பேச வசதிப்படவில்லை.

மாலையில் ஊருக்குப் போய் மண் நரியைப் பார்த்தேன். குயவர் பாவம், அதுவரை ஐயனார் குதிரை மட்டும் செய்தவர். நரிக்குக் கழுத்து நீண்டு, கால் உயர்ந்து, சேணம் மட்டும்தான் பாக்கி. மதுரையில் நடந்தது இங்கேயும் பாதி நடந்திருக்கிறது.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். சாயங்காலம் ரேஞ்சர் போன் செய்தார்.

"நாளைக்குக் காலையில நானே நேர்ல வர்றேன் தணிகாசலம். இப்பவே ஊரைச் சுத்திப் போலீஸ் போட்டாச்சு. காட்டுப் பாதை, ஒத்தையடிப் பாதை எல்லாத்துலயும் ஆள். உங்க குவார்ட்டர்ஸ்லதான் டிபன். அப்படியே அந்தச் சிறுத்தைக் கூண்டையும் பாத்துடறேன். ஆடிட்ல கேள்வி வந்திருக்கு."

போனை வைத்துவிட்டுக் கோகிலாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"கூண்டையா?"

"கூண்டைத்தான். அந்தப் போகிச் சாமானை எடுத்துடலாமா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எட்டாம் தேதி ராத்திரியே ஊரார் நரியைப் பிடித்துவிட்டார்கள். பதினாலுக்குப் பிறகு வலை தொடமாட்டோம் என்றுதான் சத்தியம். எட்டாம் தேதிக்குச் சத்தியம் ஏதும் இல்லை. ஊரில் எங்கே வைத்தாலும் நான் சோதனை போடுவேன். நான் சோதனை போடாத ஒரே இடம் என் வீடு. பாப்பாத்தியக்கா கேட்டார், இவள் சரி என்றாள். நாளை விடியும் முன் கொல்லை வழியாகக் கொண்டுபோவதாக ஏற்பாடு. இப்போது கொல்லைப்புறப் பாதையில் இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இருட்டுனதும் கூண்டைத் தெறந்து விட்டுடலாங்க, தானா காட்டுக்குள்ள ஓடிடும். யாரும் பாக்க வேண்டாம்" என்றாள். அவள் தினமும் விடிந்ததும் அதன் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் ஊருக்கு? அவர்கள் நம்பி ஒப்படைத்த நரி.

"வேலை போயிடுமாங்க? பிரசவ நேரத்துல… நான் என்ன பண்ணி வச்சுட்டேன்."

நான் மிகவும் ஆச்சரியப்பட்டேன். அப்படித்தான் எழுதியாக வேண்டும்.

நரியின் முன்னங்காலில் வலை உராய்ந்த காயம் ஒன்று இருந்தது, பாதி ஆறியிருந்தது. என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். பிறகு துறை நாட்குறிப்பை எடுத்து, காலியாக விட்டிருந்த ஒன்பதாம் தேதியில் எழுதினேன். 'கரட்டுப்புதூர் கோயில் பின்புறப் புறம்போக்கில் காலில் காயத்துடன் வங்கா நரி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. மேற்படி நரி துறைக் கூண்டில் வைத்துப் பராமரிக்கப்படுகிறது.' அந்தப் பக்கத்தை எதற்காக ஆறு நாளாகக் காலியாக விட்டிருந்தேன் என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

ஜனவரி 16

ரேஞ்சர் ஐந்து இட்லி சாப்பிட்டார். சட்னி பிரமாதம் என்றார். அதன் பிறகு கூண்டைக் காட்டினேன்.

தார்ப்பாயை விலக்கியதும் அவர் முகம் வெளுத்தது, சிவந்தது. நாட்குறிப்பின் ஒன்பதாம் தேதியைக் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"இதை ஏய்யா முன்னாடியே சொல்லல?"

"காயம் ஆறட்டும்னு இருந்தேன் சார். ஊருக்குத் தெரிஞ்சா திருடிட்டுப் போயிடுவாங்கல்ல?"

"கரெக்ட். கரெக்ட். இந்த ஊருக்காரனுங்களே நரிப் பசங்க." செல்போனை எடுத்து நரியோடு தன்னை நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். "பக்கத்து ரேஞ்சுல நரியைப் பிடிக்கறானுங்க. நம்ம ரேஞ்சுல காப்பாத்தறோம். பத்திரிகைக்குச் சொல்லிடறேன். இன்னிக்கே விட்டுடலாம்."

"மலை மேல கொண்டுபோய் விட்டுடட்டுமா சார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இவ்வளவு வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா? எங்க எடுத்தமோ அங்கதான் விடணும். அதான் விதி."

"அது கோயிலுக்குப் பின்னாடி சார். இன்னிக்குக் கூட்டமா இருக்குமே."

"இருக்கட்டும்! ஜனங்களும் பாத்துத் திருந்தட்டும்."

மேலதிகாரி உத்தரவு. நான் என்ன செய்ய முடியும்?

கூண்டை ஜீப்பின் பின்னால் ஏற்றினோம். நான் ஓட்ட, ரேஞ்சர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில் வாசலில் ஊரே நின்றது. மண் நரிக்கு அடித்துக்கொண்டிருந்த மேளம் எங்களைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றது. அத்தியப்பன் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓடி வந்து கும்பிட்டார்.

"பின்னாடி போகணுமா சார்? நேரா வழியில்லீங்க, அடுப்பு வச்சிருக்கு. இப்படிச் சுத்தி வாங்க."

சுற்றினோம். பின்பக்கம் போகிற இடத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்றது. "மாட்டை அவுத்துக்கறோமுங்க, அதுக்குள்ள இன்னொரு தடவை வந்துடுங்க" என்றார்கள். மறுபடி சுற்றினோம். இப்போது வண்டி போயிருந்தது, ஆனால் ஒரு கும்மி நடந்துகொண்டிருந்தது. பெண்களை விரட்ட முடியுமா? மூன்றாவது சுற்றும் சுற்றினோம். மேளம் எங்கள் முன்னால் போனது. ரேஞ்சரின் கழுத்தில் அத்தியப்பன் ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டார். அது யாருக்காகக் கட்டியது என்று ரேஞ்சருக்குத் தெரியாது. அவர் இரண்டு பக்கமும் கையசைத்தார். ஜனங்கள் அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா தணிகாசலம், அரசாங்கத்து மேல எவ்வளவு மரியாதை!"

"ஆமாங்க சார்."

கோயில் படியருகே கோகிலா வயிற்றில் கை வைத்துக்கொண்டு பாப்பாத்தியக்காவோடு நின்றாள். அந்த இடத்தில் ஜீப்பை மூன்று தடவையும் மெதுவாக ஓட்டினேன். மேடுபள்ளம்.

புறம்போக்கில் கூண்டைத் திறந்தோம். நரி உடனே ஓடவில்லை. வெளியே வந்து, காலை ஒருமுறை நக்கி, ஊர் மொத்தத்தையும் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் ஊணாங்கொடிப் புதருக்குள் போய்விட்டது. கூட்டம் போட்ட சத்தத்தில் போலீஸ்காரர் ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். கோயில் வாசலில் மண் நரி தனியாக நின்றது. குயவர் மட்டும் அதற்கு ஒரு சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கோகிலா காபி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நான் கூண்டுல பச்ச முட்டைதான் ஒடச்சு ஊத்துனேன். அவிச்ச முட்டைத் தோல் எப்படி அங்க வந்துச்சு?"

காபி சூடாக இருந்தது. ஊதினேன்.

"கதவுக் கொக்கி லொடலொடன்னு இருந்துச்சு. மறுநாள் பாத்தா யாரோ கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருக்காங்க. முன்பக்கக் குழாயில தண்ணி பீச்சி அடிக்குது, நீங்க பல்லு தேய்க்கப் பின்பக்கம் போறீங்க."

"பின்பக்கம் காத்து நல்லாருக்கும்."

"எத்தனாந் தேதி பாத்தீங்க?"

காபியை மறுபடி ஊதினேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ரொம்ப நேரம் சிரித்தாள். வயிறு குலுங்கியது. உள்ளே இருப்பதும் உதைத்தது. என் கையை எடுத்து அங்கே வைத்தாள்.

ஜனவரி 22

பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. மாலையோடு ரேஞ்சர், மங்கலாக நரி. நான் ஜீப்புக்குப் பின்னால் முழங்கை வரைக்கும் தெரிகிறேன். ரேஞ்சருக்குப் பாராட்டுக் கடிதம். எனக்கு ஒரு மெமோ. நரியைப் பராமரித்த ஏழு நாளும் மேலிடத்துக்குத் தெரிவிக்காதது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

அத்தியப்பன் வழியில் பார்த்தார். "அடுத்த வருஷமும் ஒரு நரிக்குக் கால்ல அடிபடுமுங்களா சார்?" என்றார். முறைத்தேன். யோசிக்கிறேன்.

பிப்ரவரி 19

பெண் குழந்தை. காலையில் பிறந்தாள். அழுதாள். அவள் அழுகிற சத்தம் கதவுக்கு வெளியே கேட்டதும் நானும் அழுதேன். எந்த விளம்பரத்தையும் படிக்கவில்லை.

எல்லாம் டாக்டரம்மாவின் கைராசி, அறிவியல். இதில் நரிக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். பாப்பாத்தியக்காவிடமும் அப்படியே சொன்னேன். அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். இவ்வளவு கனமில்லாத ஒன்றுக்காகவா ஏழு வருஷம் இவ்வளவு கனத்தைச் சுமந்தோம்! அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் குனிந்தேன். மெதுவாகத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

கட்டிலில் சோர்ந்து படுத்திருந்த கோகிலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"முழிச்சுட்டாளா?"

"முழிச்சுட்டா."

"யார் முகத்துல?"

"என் முகத்துலதான்."

"அப்பச் சரி" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நரி முகத்துல முழிச்சுட்டா. இனி அவளுக்கு ஒரு கொறையும் வராது."